ஒன்றுமே இல்லாத தண்ணீர்

“இன்னா கலர்ல கீது ஏகா?”

தொலைபேசியில் டேனியல். அவன் குரலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வார்டின் சத்தங்கள். மருந்து வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடுகிறது. யாரோ இருமுகிறார். யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்.

என் முன்னால், கும்மிடிப்பூண்டியில் அவன் வீட்டு முன்னறையில், நீளமான கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு டிஸ்கஸ் மீன்கள். விரித்த உள்ளங்கை அளவு வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் தட்டு, நேர்முன்னால் பார்த்தால் வெறும் கோடு. ஒன்று பழுத்த மிளகாயின் சிவப்பு. இன்னொன்றின்மேல் நீலக் கோடுகள் அலையலையாக ஓடும். அப்படித்தான் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான்.

இப்போது இரண்டும் கரிபிடித்த சட்டியின் நிறத்தில் இருந்தன. பின்மூலையில், முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு. செவுள்கள் மட்டும் ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

“நல்லா கீதுபா,” என்றேன். “செவப்பு செவப்பா கீது, நீலம் நீலமா கீது.”

“அப்டியா,” என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “செரி, வெச்சிர்றேன்.”

அந்த மௌனத்தை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை அவன் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அதுவரை மனசு கலங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு பொய்தானே, போகட்டும்.

பொய் சொன்ன வாயோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். மீன்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் மூன்று குடைகளை மூன்று ரயில்களில் தொலைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘நீங்கள் வாழ்க்கையில் எங்கேயாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா?’ உட்கார்ந்திருக்கிறேன் அம்மா. ஒரே ஒரு நாற்காலியில், கிட்டத்தட்ட ஒரு மாதம். இந்த நாற்காலியில்தான்.

கவட்டைக் கிளை

வீடு வேப்பம்பட்டில். வேலை கும்மிடிப்பூண்டியில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ரயிலுக்கு அது தெரியாது. அரக்கோணம் தடத்தில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்து, மறுபடியும் வடக்கே போக வேண்டும். கவட்டைக் கிளையின் ஒரு நுனியிலிருந்து அடிவரை இறங்கி, மறு நுனிக்கு ஏறுகிற எறும்பு நான். சாயங்காலம் அதே வழியே திரும்பி வரும் எறும்பு.

இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன். வாசலில் நின்று காற்றுக்கு முகம் கொடுப்பேன். வண்டி நின்றால் பிளாட்பாரத்தில் நடப்பேன். “ஒனக்கு உக்கார்ற எடத்துல முள்ளு மொளச்சிக்கீது,” என்பாள் என் மனைவி தேவகி. அவள் சொல்வது உண்மை. முள் எங்கே என்று தேடித்தான் இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டும் அலைந்துகொண்டும் இருக்கிறேன்.

வேலை, தண்ணீரைச் சுத்தம் செய்வது. குடிக்க அல்ல, கொதிகலனுக்கு. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு இருந்தால் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் போர்வெல் தண்ணீரைப் பெரிய பெரிய உருளைகளுக்குள் செலுத்தி, அதிலிருப்பதை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவோம். உப்பு, சுண்ணாம்பு, இரும்பு, கடந்து வந்த மண்ணின் ஞாபகம், எல்லாவற்றையும். கடைசியில் வரும் தண்ணீருக்குள் உப்பை அளக்கும் மீட்டரை விட்டால் எண் சுழியை விட்டு நகராது.

இருபத்தைந்து வருஷமாக அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குக் கொஞ்சம் திமிர் வரும். எனக்கு வந்திருந்தது. தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்ல இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டு மீன்

டேனியல் பக்கத்து இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன். கீழே செக்கச்செவேலென்று இரும்புத் துண்டங்கள் உருண்டு ஓடும். மேலே கூண்டுக்குள் இவன். எங்கள் சிநேகம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் தொடங்கியது. அவன் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். நாங்கள் இருவரும் சட்டைப் பையில் கம்பெனி பெயர் போட்டவர்கள். அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

அனலுக்கு மேலே எட்டு மணி நேரம் தொங்குகிறவன், வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவான். டிஸ்கஸுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்தால் சீக்கு. கதவை அறைந்து சாத்தினால் பயம். பக்கத்தில் புது நாற்காலி போட்டால்கூட இரண்டு நாள் சாப்பிடாது. “மாப்ள மாரி வெச்சிக்கணும்பா,” என்பான். தெருவில் அதற்குத் தட்டு மீன் என்று பேர்.

தீனி மாட்டு இதயம். டேனியலின் மனைவி ஸ்டெல்லா கடையில் வாங்கிவந்து, கொழுப்பையும் நரம்பையும் சீவி, மிக்ஸியில் அரைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் அப்பளம்போல் தட்டி ஃப்ரீசரில் வைப்பார். வேண்டும்போது விரலகலம் உடைத்துப் போடுவது. நெஞ்சுவலி வந்து, இரத்தக் குழாயில் மூன்று அடைப்பு என்று தெரிந்த அன்று டேனியல் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: “எத்தினி இதயத்த அரச்சிக்கீறோம் ஏகா. அதுல ஒன்னு இப்ப நாயம் கேக்குது.”

இந்த ஜோடி மூன்று முறை முட்டை போட்டிருந்தது. தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டியின்மேல், ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக. மூன்று முறையும் இரண்டே நாளில் அவையே தின்று தீர்த்துவிட்டன.

டேனியலுக்கு ஒரே ஆசைதான். குஞ்சுகள் மேய்வதைப் பார்க்க வேண்டும். டிஸ்கஸ் குஞ்சு முதல் சில வாரங்கள் பெற்றவர்களின் உடம்பில் ஊறும் கொழகொழப்பைத் தின்றுதான் பிழைக்கும். அம்மாவும் ஊட்டும், அப்பாவும் ஊட்டும். “மீனு பால் குடுக்கிறத பாத்துக்கிறியா நீ? ஆம்பள குடுக்கும்பா, ஆம்பள,” என்று டீக்கடையில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். பார்த்தவன் மாதிரிதான் சொல்லுவான். அவனும் பார்த்தது கிடையாது.

சாவி

ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவன் கல்யாணத்துக்குப் போகிறவன்போல் இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டேஷனுக்கு வந்தான். ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸ். விடுப்பு கிடைக்காமல் தினமும் போனில் அழுகிறாள். தம்பியும் ஸ்டெல்லாவும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஏற்பாடு. வீட்டில் மீனைப் பார்க்க ஆள் இல்லை.

பிளாட்பாரத்தில் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

“ஷிப்ட்டுக்கு முந்தி ஒரு வாட்டி நாஷ்டா, ஷிப்ட்டு முடிஞ்சி ஒரு வாட்டி. தண்ணி டெய்லி கால்வாசி மாத்து. பின்னால தொட்டில ஸ்டெல்லா ரொப்பி வெச்சிக்கீது, அத்த மொண்டு ஊத்து. உன் மூளைய யூஸ் பண்ணாத.”

பைகளோடு நின்ற ஸ்டெல்லா, “அண்ணே, அந்தத் தண்ணி…” என்று தொடங்கினார். வண்டி நுழைந்துகொண்டிருந்தது.

“அவனுக்குத் தெரியாத தண்ணியா? ஏறு, ஏறு,” என்றான் டேனியல்.

ஸ்டெல்லா சன்னல் வழியாக ஏதோ கையால் காட்டிக்கொண்டே போனார். டாட்டா காட்டுகிறார் என்று நானும் கையை அசைத்தேன்.

வாட்ச்மேன் நாக்கு

மறுநாள் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றோரம் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. அடியில் காய்ந்த பாதாம் இலைகள் கிடந்து ஊறி, தண்ணீர் ஆறிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் பாசி. பாசியின்மேல் ஒரு நத்தை, அவசரமே இல்லாமல்.

சட்டைப் பையிலிருந்த மீட்டரை விட்டுப் பார்த்தேன். எண் முந்நூறைத் தாண்டிப் போய் நின்றது. எனக்கு உடம்பு கூசியது. கொதிகலன் என்றால் ஒரே மாதத்தில் செத்திருக்கும். இதிலா மாப்பிள்ளைகளை வைத்திருக்கிறான்?

டிஸ்கஸின் பூர்வீகம் அமேசான் என்றும், அந்த ஆற்றுத் தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி உப்பே இல்லாதது என்றும் எங்கோ படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தது அந்த நேரத்தில் முழுசாக ஞாபகம் வந்தது. உப்பே இல்லாத தண்ணீரா? உலகத்தில் அதை என்னைவிட யார் நன்றாகக் கொடுக்க முடியும்?

இரண்டு பெரிய கேன்களில் பிளாண்ட் தண்ணீரைப் பிடித்து, கொதிகலன் ஓரமாக வைத்து வெதுவெதுப்பாக்கி, மொபெட்டில் கட்டினேன். மேலாளரிடம் கேட்டேன். தண்ணிதானே, கொண்டு போ என்றார். கேட்டில் வாட்ச்மேன் மூர்த்தி விடவில்லை. ஆர்.கே.பேட்டைக்காரர், டீசல் திருட்டுப் பிடித்தவர் என்று பேர். மூடியைத் திறந்து மோந்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

“இன்னா சார் இது, நாக்குல படவே மாட்டேங்குது. ஒன்னியுமே இல்ல இதுல.”

“அதான் மூர்த்தி இதோட மதிப்பு.”

“டப்பு குடுத்தாலும் நா குடிக்க மாட்டேன் நைனா,” என்று கேட் கயிற்றை இறக்கிவிட்டார்.

சிரித்துக்கொண்டே போனேன். கால்வாசி மாற்றச் சொல்லியிருந்தான். நான் பாதியை மாற்றினேன். இன்னொரு நடை போய் இன்னும் இரண்டு கேன். நல்ல தண்ணீர் கூடினால் நல்லதுதானே.

முதல் நாள் தொட்டி பளிங்காக இருந்தது. மீன்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தன. இரண்டாம் நாள் இதயத்தை வாயில் வாங்கித் துப்பின. மூன்றாம் நாள் துப்பக்கூட வரவில்லை. நான்காம் நாள் மூலைக்குப் போய் மங்கத் தொடங்கின. ஒவ்வொரு நாளும் மங்கலைப் பார்த்து, தண்ணீர் இன்னும் போதிய சுத்தம் ஆகவில்லை என்று முடிவு செய்து, இன்னும் கொஞ்சம் அதையே ஊற்றினேன்.

தினமும் நான்கு மணிக்கு டேனியல் கூப்பிடுவான். ஆபரேஷனைப் பற்றிக் கேட்க மாட்டான், சொல்ல மாட்டான். ஒரே கேள்விதான். என் பதிலைக் கேட்ட பிறகுதான் சாயங்காலக் கஞ்சியைத் தொடுகிறான் என்று அவன் தம்பி சொல்லியிருந்தான். கறுத்துப் போச்சு என்று அந்த வாயிடம் எப்படிச் சொல்வேன்?

ஊற்றுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை, மீனுக்காகவே வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்தேன். பத்து மணிக்கு ஸ்டெல்லா உள்ளே வந்தார். துணி துவைத்து எடுத்துப்போக வந்தவர். தொட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“இன்னாத்த ஊத்துனீங்க அண்ணே?”

சொன்னேன். கொதிகலன், உருளை, சுழி, அமேசான், மழை. ஒரு வகுப்பே எடுத்தேன். முழுக்கக் கேட்டார். கேன் மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். வாட்ச்மேன் வைத்த அதே மாதிரி.

“ஒன்னியுமே இல்லியே இதுல.”

“அமேசான்ல வந்து…”

“இதுங்க கொளத்தூர் மீன் பண்ணைல பொறந்ததுங்க அண்ணே. அமேசான எங்க கண்டுச்சி?”

பிறகு பையை வைத்துவிட்டு, திட்டாமல், அடுப்பு பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னார். மீனுக்கு வெறும் தண்ணீர் ஆகாது. அதன் உடம்பில் இருக்கும் உப்பையும் அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கிணற்றுத் தண்ணீரில் இந்த மண்ணின் சத்து இருக்கிறது. அதில் இரண்டு நாள் இலை ஊற வேண்டும். நத்தை நகர்ந்தால் தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏழு வருஷமாகக் காலையில் எழுந்து நான்கு பக்கெட் சுமந்தபோது தெரிந்துகொண்டது. டேனியலுக்கு எந்த மரத்து இலை என்றுகூடத் தெரியாது.

“அவரு பாக்குறவரு அண்ணே. ஊத்துறது நானு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷத் தண்ணீர்க்காரன். தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ரயில் சன்னலில் காட்டியது டாட்டா அல்ல. மொண்டு ஊற்றுகிற கை.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடப் பார்த்தேன். மொத்தத்தையும் மாற்றிவிட வேண்டும், இப்போதே. ஸ்டெல்லா வழியில் நின்றார்.

“ஒரேடியா ஊத்துனா ஒரேடியா போயிரும். ஒக்காருங்க.”

சமையலறை ஆணியிலிருந்து ஒரு டியூபை எடுத்து வந்தார். நோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றும் டியூப். புது மீன் வந்தால் இந்த வீட்டில் அதற்கு இப்படித்தான் தண்ணீர் ஏற்றிப் பழக்குவார்களாம். பீரோமேல் பக்கெட்டை வைத்து, டியூபின் ஒரு நுனியைக் கிணற்றுத் தண்ணீரிலும் மறு நுனியைத் தொட்டிக்குள்ளும் விட்டு, சின்னச் சக்கரத்தை உருட்டினார். சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று சீக்கிரமே கூப்பிட்டுவிட்டான். ஸ்டெல்லா போனை வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

“செவப்பா கீதுபா,” என்றேன்.

வைத்த பிறகு அவர் சொன்னது இதுதான்: “ஆபரேசன் முடியட்டும். அப்பால நீங்களே சொல்லிருங்க. நா சொல்ல மாட்டேன்.”

சொட்டு

இப்படித்தான் நான் உட்காரக் கற்றேன்.

சொட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் சக்கரத்தை இறுக்க வேண்டும், நின்றுபோனால் தளர்த்த வேண்டும். பக்கெட் காலியானால் ஸ்டெல்லா நிரப்புவார். தொட்டியில் உயர்கிற தண்ணீரை அவர் செம்பால் மொண்டு வெளியே ஊற்றுவார். கையை உள்ளே விட்டு எடுப்பதைச் சத்தமில்லாமல், மீன் அஞ்சாமல் செய்தார். திங்கட்கிழமையும் லீவு போட்டு வந்து உட்கார்ந்தேன். காற்று பம்பின் முணுமுணுப்பு. வெந்நீரும் இலையும் சேர்ந்த ஒரு வாசனை, மழைக்குப் பிந்திய தோப்பின் வாசனை. தூரத்தில் ஆலைகளின் சங்கு. எழுந்து நடக்க வேண்டும் என்று கால் கெஞ்சியது. சொட்டு போகாதே என்றது.

திங்கள் சாயங்காலம் ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். ஞாயிறு மாலையே திரும்பிவிடுவேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தவர். துவைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை சிவப்பு மீன் துடுப்பை விரித்தது. விரித்தது என்றால், குடை விரிப்பதுபோல் முழுக்க அல்ல. அரைக் குடை. புதன்கிழமை நீலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு திரும்பி வந்தது. கடுகளவு இதயம் போட்டேன். சுற்றிவந்து பார்த்தது. வாயில் வாங்கியது. துப்பும் என்று பார்த்தேன். துப்பவில்லை.

அந்தச் சமயம் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பின்கட்டுக்குப் போய் நத்தையிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் நினைத்தேன். பிளாட்பாரம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே காவல் இதுதான் என்று தோன்றியது. மீன்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் தாண்டி ஸ்டெல்லாவின் குரல், களைத்துப்போய்: “வெளிய கொண்ணாந்துட்டாங்க அண்ணே. கண்ணு முழிச்சாரு.”

நான் மீன்களிடம் சொன்னேன். அவை கேட்டமாதிரி நின்றன. அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

கறுப்பு

நான்கு நாள் கழித்து, பூந்தொட்டியின்மேல் முட்டைகள்.

ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவருகிட்ட சொல்லாதீங்க அண்ணே, மறுபடியும் தின்னுடும், மனசு ஒடஞ்சிரும் என்றார். சொல்லவில்லை. நான் பொய் சொன்ன கதையைச் சொல்லவும் இன்னும் வாய் வரவில்லை. டேனியலின் குரல் தொண்டைக்குள்ளேயே நின்று பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவனாகக் கூப்பிடவும் இல்லை.

முட்டையிட்ட மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தேன். பூந்தொட்டி வெறுமையாக இருந்தது. ஒரு முட்டைகூட இல்லை. மீன்கள் இரண்டும் கறுத்திருந்தன.

அதே கறுப்பு. சட்டியின் கரி. சிமெண்டுத் தொட்டித் தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் ஊற்றவில்லை. கால்வாசிக்கு மேல் ஒரு செம்புகூட மாற்றவில்லை. பின்கட்டுக்கு ஓடினேன். நத்தை நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

போன் அடித்தது. நான்கு மணி. ஆபரேஷனுக்குப் பிறகு அவனாகக் கூப்பிடும் முதல் நாள்.

“இன்னா கலர்ல கீது ஏகா?” குரல் பழைய குரலில் பாதிதான் இருந்தது.

சிவப்பு என்ற வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக நின்றது. பழகிய வார்த்தை. அதை விழுங்கினேன்.

“கறுப்பு,” என்றேன். “ரெண்டுமே. முட்ட போட்டுச்சி, உன்கிட்ட சொல்லல. இப்ப அதுவும் காணோம். ஆபரேசனுக்கு முந்தி நா செவப்புன்னு சொன்னதெல்லாம் பொய் டேனியல். அப்பவே கறுத்துப் போச்சி. என் தண்ணியாலதான். ஸ்டெல்லாதான் காப்பாத்துச்சி. இப்ப மறுபடியும் கறுத்துக்கீது, எதுனாலன்னு எனக்குத் தெரியல.”

அந்தப் பக்கம் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

“முந்தி கறுத்தது தெரியும்,” என்றான்.

“எப்டி?”

“ஞாயித்துக்கெழம வரேன்னவ திங்கக்கெழம வந்தா. தண்ணி குடுத்தா. வெரலு பத்தும் ஊறிப்போயி வெளுத்துக் கெடந்துச்சி. நா கேக்கல.” மூச்சு வாங்கினான். “அதுக்கு முந்தியே டவுட்டுதான். நீ எதையாச்சும் நல்லா கீதுன்னு சொன்ன ஆளா?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“இப்ப சொல்லு. மூலைல கீதா, வெளிய கீதா?”

“வெளியதான். ஹீட்டரு பக்கம்.”

“செவுளு ஓடுதா?”

பார்த்தேன். ஓடவில்லை. நிதானமாகத் திறந்து மூடியது. துடுப்புகளும் ஒடுங்கியிருக்கவில்லை, முழுக்க விரிந்திருந்தன. அதை நான் பார்க்கவே இல்லை. நிறத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

“கிட்ட போ. ஹீட்டரு பின்னாடி பாரு.”

கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஹீட்டர் குழாயின் பின்பக்கம் ஏதோ படிந்திருந்தது. தூசு மாதிரி. அந்தத் தூசு ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தூசுக்கும் ஒரு வால். நூறோ, அதற்கு மேலோ, எல்லா வாலும் ஒரே நேரத்தில் துடித்தன.

“ஆடுதுபா,” என்றேன். “வாலு ஆடுது. நெறைய கீது.”

“எடம் மாத்திக்கிதுங்க. பொரிஞ்சதும் வாயில கவ்விக்கினு போயி வேற எடத்துல ஒட்டும். நா படிச்சிக்கிறேன்.” அவன் குரல் என்னவோ ஆகியிருந்தது. “அதான் கறுத்துக்கீது. நீந்த ஆரம்பிச்சதும் குட்டிங்களுக்குத் தாயி தவப்பன் எதுன்னு தெரியணும்ல. வெளிச்சமா கீற ஒடம்பு கண்ணுக்குத் தெரியாது. அதுக்குன்னு கறுக்கும்.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான்.”

அதற்கப்புறம் நான் என்னவோ உளறினேன். “சிரிக்க வெக்காதடா, தையல் இழுக்குது,” என்று போனை வைத்துவிட்டான். நான் அப்படி ஒன்றும் சிரிப்பாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நாற்காலி

டேனியல் வீட்டுக்கு வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. இருமினால் தையல் விடாமல் நெஞ்சோடு சேர்த்து அணைக்க ஒரு தலையணையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கைக்குழந்தைபோல் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினான். யாரிடமும் பேசவில்லை. நேரே முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் எழுந்து சுவரோரம் நின்றேன். நிற்பது எப்போதும்போல் இல்லை. பழைய வீட்டை விட்டு வந்தவன்போல் இருந்தது.

கறுத்த இரண்டு உடம்புகள் தொட்டியின் நடுவில் நின்றன. பெண்மீனின் இரண்டு விலாவிலும் குஞ்சுகள் மொய்த்து மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று அது உடம்பை ஒரு உதறு உதறியது. குஞ்சுகள் புகைபோல் கலைந்து, ஒரு கணம் எங்கும் இல்லாமல் நின்று, பக்கத்தில் காத்திருந்த கறுப்பைக் கண்டுபிடித்து அதன்மேல் போய் ஒட்டின. ஆண்மீன் அசையாமல் நின்று கொடுத்தது.

டேனியல் தலையணையை இறுக்கிக்கொண்டான்.

“இன்னா கலர்ல கீது ஏகா?” என்றான், கண்ணை எடுக்காமல்.

“கறுப்பு.”

“நல்லா சொல்லு.”

“கறுப்புபா. நல்ல கறுப்பு.”

பின்கட்டிலிருந்து பக்கெட் வைக்கும் சத்தம் கேட்டது. புருஷனை இறக்கிவிட்ட கையோடு ஸ்டெல்லா தண்ணீருக்குப் போயிருந்தார். டேனியல் அந்தச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையோ என்னவோ, மீனை விட்டு அந்தப் பக்கம் பார்த்தான்.

“ஸ்டெல்லா,” என்று கூப்பிட்டான், மெதுவாக, தையல் இழுக்காமல். “அது இன்னா எல போடுற?”

“வாதாம் எல,” என்று பதில் வந்தது. “ஸ்டேசன் பக்கத்து மரம்.”

நான் பின்கட்டுக்குப் போனேன். ஸ்டெல்லாவின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டேன். மொள்ளும் முன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இலையின் துவர்ப்பு. கொஞ்சம் இரும்பு. கொஞ்சம் மண். கடைசியாக, மெல்லிய உப்பு.

“பாதிக்கு மேல ரொப்பாதீங்க அண்ணே, சிந்தும்,” என்றார்.

பக்கெட்டைப் பாதிக்கு நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே கொண்டு போனேன். இப்போதும் சனிக்கிழமைகளில் அந்த நான்கு பக்கெட் என்னுடையது.